கத்ரீனாவுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸ் மக்கள் ஏன் முழுதாகத் திரும்பவில்லை?

கேள்வி கேட்டவர் சில வரிகளில் எழுதியிருக்கிறார்: "கத்ரீனா சூறாவளி அடித்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. பணத்துக்கும் தொழில்நுட்பத்துக்கும் குறைவில்லாத நாட்டில் நியூ ஆர்லியன்ஸ் இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை என்கிறார்களே, ஏன்? பொதுவாக ஒரு கடலோர ஊர் இப்படிப்பட்ட அடியிலிருந்து மீள எத்தனை ஆண்டுகள் பிடிக்கும்?" ஆண்டுக் கணக்கைக் கேட்பதுபோல் தோன்றினாலும், இதன் அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. ஊர் மீள்வது என்றால் எது மீள்வது? துறைமுகமும் விடுதிகளும் பாலங்களும் பழையபடி இயங்குவதைச் சொல்கிறோமா, அங்கே குடியிருந்த குடும்பங்கள் தங்கள் வாசலுக்குத் திரும்பி வருவதைச் சொல்கிறோமா? முதலாவது என்றால் நியூ ஆர்லியன்ஸ் எப்போதோ மீண்டுவிட்டது. இரண்டாவது என்றால், 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 4,84,674 பேர் இருந்த நகரத்தில் 2010-இல் 3,43,829 பேரும், 2020-இல் 3,83,997 பேரும்தான் இருந்தார்கள். அந்நகரின் மக்கள்தொகை 1960-க்குப் பிறகு புயல் இல்லாமலேயே குறைந்துவந்தது என்பதையும், 2020-இல் எண்ணப்பட்டவர்களில் புதிதாகக் குடியேறியவர்களும் உண்டு என்பதையும் சேர்த்தே இந்த எண்களைப் படிக்க வேண்டும். ஆயினும் யார் திரும்பினார்கள், யார் திரும்பவில்லை என்பதைப் புயலின் வேகத்தைக் காட்டிலும், புயலுக்குப் பிறகு அலுவலகங்களில் எழுதப்பட்ட விதிகளே தீர்மானித்தன என்பதே இத்தனை ஆண்டுகளில் நான் வந்து சேர்ந்த முடிவு.

நான் கட்டுமானப் பொறியாளன். 2007 முதல் தெற்கு லூசியானாவில் வெள்ளத்தில் சேதமடைந்த வீடுகளை ஆய்வு செய்வதும், அவற்றைத் தூண்களின்மேல் உயர்த்துவதற்கான வரைபடங்களைத் தயாரிப்பதுமே என் வேலை. ஆகவே வீடு, கரை, நீர்மட்டம் ஆகியவற்றைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். காப்பீடு, சொத்துரிமை, உதவித்தொகை ஆகியவற்றை வீட்டுக்காரர்களின் பக்கத்தில் உட்கார்ந்து அவர்களோடு படிவங்களை நிரப்பிய அளவுக்கு அறிவேன். மனநலமும் பொருளாதாரமும் பற்றிச் சொல்பவை நான் படித்துத் தெரிந்துகொண்டவை மட்டுமே.

கத்ரீனா 2005 ஆகஸ்ட் 29 அன்று லூசியானாவின் பூராஸ் என்னும் ஊருக்கு அருகே கரையேறியபோது அது மூன்றாம் வகைச் சூறாவளி. பக்கத்து மாநிலமான மிசிசிப்பியின் கரையில் கடல் ஏறத்தாழ 28 அடி உயரத்துக்குப் பொங்கி ஏறியது. பாஸ் கிறிஸ்டியன், வேவ்லேண்ட் போன்ற ஊர்களில் கடலை ஒட்டிய தெருக்களில் வீடுகள் இருந்த இடத்தில் காங்கிரீட் தளம் மட்டுமே மிஞ்சியது. அந்தக் கரையை 1969-இல் கமீல் என்னும் ஐந்தாம் வகைச் சூறாவளி தாக்கியிருந்தது. கமீலைத் தாங்கிய வீடு இதையும் தாங்கும் என்று நம்பி வெளியேறாமல் இருந்தவர்கள் பலர். கமீல் 1969-இல் கொன்றவர்களைவிட 2005-இல் கொன்றவர்களே அதிகம் என்று அப்பகுதியில் இன்றும் சொல்வார்கள்.

நியூ ஆர்லியன்ஸில் நடந்தது வேறு. அங்கே ஊரை மூழ்கடித்த நீரில் பெரும்பகுதி, கால்வாய்களின் தடுப்புச் சுவர்கள் உடைந்ததால் உள்ளே வந்தது. பதினேழாம் தெருக் கால்வாயிலும் லண்டன் அவென்யூ கால்வாயிலும் நீர் சுவரின் தலைக்கு எட்டுவதற்கு முன்பே சுவர் சரிந்தது. சுவருக்கு அடியில் இருந்த மண்ணின் வலுவைக் கணக்கிட்டதில் பிழை இருந்தது. சுவர்களைக் கட்டிய ராணுவப் பொறியாளர் படையே 2006-இல் வடிவமைப்புக் குறையை ஒப்புக்கொண்டது. நகரத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. ஆயினும் வெள்ளத் தடுப்புப் பணிகள் தொடர்பான வழக்குகளிலிருந்து அரசுக்கு விலக்கு அளிக்கும் 1928-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருப்பதால், சுவர் உடைந்ததற்கு இழப்பீடு கேட்டுத் தொடுத்த வழக்கு நிற்கவில்லை. இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், தவறு யாருடையது என்பது தெரிந்திருந்தும், மக்களுக்குக் கிடைத்தது உரிமையாகக் கோரத்தக்க இழப்பீடாக இல்லாமல், நிபந்தனைகளோடு வழங்கப்படும் உதவித்தொகையாகவே இருந்தது. பின்னால் வந்த சிக்கல்கள் பலவற்றின் வேர் அங்கேதான் இருக்கிறது.

புயலுக்குப் பின் முதலில் திரும்பியது பெரிய முதலீடு. மிசிசிப்பிக் கரையில் பிலாக்சி நகரின் சூதாட்ட விடுதிகள் புயலுக்கு முன் சட்டப்படி நீரில் மிதக்கும் தெப்பங்களின்மீதுதான் இருக்க வேண்டும். அந்தத் தெப்பங்களைக் கடல் தூக்கிக் கரையில் எறிந்தது. இரண்டே மாதங்களுக்குள், 2005 அக்டோபரில், கரையிலிருந்து 800 அடி உள்ளே வரை நிலத்தில் கட்டிக்கொள்ளலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் சில விடுதிகள் மீண்டும் திறந்துவிட்டன. அடித்துச் செல்லப்பட்ட இரண்டு கடற்கழிப் பாலங்களும் 2007-இல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டன. ஓர் உரிமையாளர், ஒரு காப்பீட்டு ஒப்பந்தம், ஒரு ஒப்பந்ததாரர் என்று இருக்கும் இடத்தில் வேலை இப்படி வேகமாகவே நடக்கும். பாலம் எந்த அளவுக்குச் சிக்கலான கட்டுமானமாக இருந்தாலும், அதற்கு வாரிசுகள் கிடையாது. ஆயிரம் வீடுகளுக்கோ ஆயிரம் உரிமையாளர்கள், ஆயிரம் கடன்கள், ஆயிரம் காகிதக் கட்டுகள்.

அந்தக் காகிதங்களில் முதலாவது காப்பீடு. அமெரிக்காவில் சாதாரண வீட்டுக் காப்பீடு காற்றால் வரும் சேதத்துக்குப் பணம் தரும், வெள்ளத்தால் வரும் சேதத்துக்குத் தராது. வெள்ளத்துக்கு 1968-இல் தொடங்கப்பட்ட தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் தனியே பணம் கட்டியிருக்க வேண்டும். அதிலும் குடியிருப்புக் கட்டடத்துக்கு 2,50,000 டாலருக்கு மேல் கிடைக்காது. இப்போது, தளம் மட்டும் மிஞ்சிய ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். கூரையைக் காற்று முதலில் பிய்த்ததா, அதற்குள் அலை வந்து சுவரைத் தள்ளிவிட்டதா? சாட்சி சொல்ல வீடே இல்லை. காற்றா நீரா என்ற இந்த ஒரு கேள்வி மிசிசிப்பிக் கரையில் ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்தது. ஓர் ஆய்வாளனாகச் சொல்கிறேன்: பக்கத்து மரத்தின் முறிவு, நீர் விட்டுச்சென்ற அழுக்குக் கோடு, அடித்தளத் திருகாணிகள் வளைந்திருக்கும் திசை ஆகியவற்றைக் கொண்டு ஓரளவு சொல்ல முடியும். ஆனால் இத்தனை விழுக்காடு காற்று, இத்தனை விழுக்காடு நீர் என்று எந்தப் பொறியாளராவது துல்லியமாக எழுதித் தந்தால், அதை நான் எளிதில் நம்பமாட்டேன்.

இனி லூசியானா மாநிலத்தின் உதவித்தொகைத் திட்டத்துக்கு வருகிறேன். 'ரோடு ஹோம்' என்று பெயரிடப்பட்ட அந்தத் திட்டத்தில் ஏறத்தாழ 1,30,000 வீட்டுக்காரர்களுக்கு, மத்திய அரசு தந்த பணத்திலிருந்து, சுமார் 900 கோடி டாலர் வழங்கப்பட்டது. தொகையைப் பார்த்தால் மிகப் பெரிய உதவி. ஆனால் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்பதைக் கணக்கிட்ட விதியில்தான் எல்லாம் தவறிப்போனது. வீட்டைச் சரிசெய்ய ஆகும் செலவு, புயலுக்கு முன் அந்த வீட்டின் சந்தை மதிப்பு ஆகிய இரண்டில் எது குறைவோ அதிலிருந்து, ஏற்கெனவே கிடைத்த காப்பீட்டுப் பணத்தைக் கழித்துவிட்டு, 1,50,000 டாலருக்கு மேற்படாமல் தருவது என்பது விதி. ஓர் எடுத்துக்காட்டுக்காக, ஒரே அளவில், ஒரே மரத்தால் கட்டிய இரண்டு வீடுகளைக் கொள்வோம். இரண்டையும் சரிசெய்ய 1,40,000 டாலர் ஆகிறது. ஒன்று வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் பகுதியில் இருப்பதால் அதன் சந்தை மதிப்பு 2,00,000 டாலர். மற்றது கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் பகுதியில் இருப்பதால் அதன் மதிப்பு 70,000 டாலர். முதல் வீட்டுக்காரருக்குச் செலவு முழுவதும் கிடைத்துவிடும். இரண்டாமவருக்குப் பாதிதான் கிடைக்கும், மீதியை அவர் தேடிக்கொள்ள வேண்டும். ஆணியும் பலகையும் தச்சரின் கூலியும் இரண்டு தெருக்களிலும் ஒன்றே. பல தலைமுறைகளாக நிற வேற்றுமையால் தாழ்ந்துபோன நிலமதிப்பை அரசே அளவுகோலாக எடுத்துக்கொண்டு, அந்தத் தாழ்வை மறுகட்டுமானத்துக்குள்ளும் கொண்டுவந்துவிட்டது. இதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கு 2011-இல் சமரசத்தில் முடிந்து, குறைவாகப் பெற்றவர்களில் ஒரு பகுதியினருக்குக் கூடுதலாக 6.2 கோடி டாலர் வழங்க ஒப்புக்கொள்ளப்பட்டது. அதற்குள் ஆறு ஆண்டுகள் கழிந்திருந்தன. மரச்சட்டங்களால் ஆன வீடு கூரை இல்லாமல் ஆறு ஆண்டுகள் நின்றால் அதைச் சரிசெய்வதற்கு ஒன்றும் மிஞ்சாது.

லோயர் நைன்த் வார்டு என்னும் பகுதியில் இதன் விளைவைக் கண்ணால் காணலாம். 2000-இல் அங்கே சுமார் 14,000 பேர் வாழ்ந்தார்கள். 2010-இல் 3,000 பேர்கூட இல்லை. தெருவோரத்தில் மூன்று படிகள் மட்டும் நிற்கும், அவற்றுக்குப் பின்னால் வீடு இருக்காது, புல்தான் இருக்கும். சொந்த வீட்டில் கடனில்லாமல் வாழ்ந்தவர்கள் நிறைந்த பகுதி அது என்பதைப் பலர் அறியமாட்டார்கள். ஏழைப் பகுதி என்ற ஒரே சொல்லில் அதை அடக்கிவிடுகிறார்கள்.

உதவித்தொகை குறைவாகக் கிடைத்தவர்களைப் பற்றிச் சொன்னேன். விண்ணப்பிக்கவே முடியாமல் போனவர்களும் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு முதிய பெண்மணியின் வீட்டை ஆய்வு செய்யப் போனேன். பிறந்தது முதல் அவர் வாழ்ந்த வீடு, வரி கட்டுவதும் அவரே. ஆனால் பத்திரத்தில் இருந்தது அவருடைய பாட்டனாரின் பெயர். பாட்டனார் உயில் எழுதவில்லை, அப்பாவும் எழுதவில்லை. சட்டப்படி அந்த வீட்டில் கலிபோர்னியாவிலும் இல்லினாயிலும் இருந்த பன்னிரண்டு உறவினர்களுக்கும் பங்கு உண்டு. அவர்களில் சிலரை அவர் பார்த்ததே இல்லை. பாகப் பிரிவினை ஆகாத பாட்டன் சொத்தும், பெயர் மாற்றாத பட்டாவும் என்னவென்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் உள்ள கறுப்பினக் குடும்பங்களில், நீதிமன்றத்தையும் வழக்கறிஞரையும் நம்பக் காரணம் இல்லாத காலத்தில் வாங்கிய நிலங்கள் இப்படியே தலைமுறை தலைமுறையாக வந்திருக்கின்றன. நான் எழுதித் தந்த ஆய்வறிக்கை பிழையற்றது, அந்த வீட்டைக் காப்பாற்றியிருக்கலாம் என்றே அதில் எழுதியிருந்தேன். உரிமையை நிறுவ முடியாததால் அவருக்குப் பணம் வரவில்லை, வீடு இடிக்கப்பட்டது. பேரிடர் உதவிக்கு வேறுவகை ஆவணங்களையும் உரிமைச் சான்றாக ஏற்றுக்கொள்ளும் வகையில் மத்திய பேரிடர் மேலாண்மை முகமை தன் விதிகளைத் தளர்த்தியது 2021 செப்டம்பரில்தான். கத்ரீனாவுக்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து.

வாடகைக்குக் குடியிருந்தோர் நிலை இதனினும் மோசம். புயலுக்கு முன் நகரத்தில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் வாடகை வீடுகளில் இருந்தன. ஆனால் திட்டத்தின் பணத்தில் பெரும்பங்கு வீட்டுக்காரர்களுக்கே சென்றது. அரசு கட்டித் தந்த குறைந்த வாடகைக் குடியிருப்புகளில் நான்கு பெரிய தொகுதிகளை இடித்துவிட நகர மன்றம் 2007 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது, சுமார் 4,500 வீடுகள். அவற்றில் பல கட்டடங்கள் செங்கல்லால் உறுதியாகக் கட்டப்பட்டவை, சரிசெய்யத்தக்கவை என்று அப்போதே வாதிட்டவர்கள் இருந்தார்கள். புதிதாகக் கட்டப்பட்டவை பார்வைக்கு நன்றாகவே இருக்கின்றன, ஆனால் அவற்றில் குறைந்த வாடகைக்கு ஒதுக்கப்பட்டவை முன்பிருந்ததைவிட வெகு குறைவு.

பணமும் பத்திரமும் இருந்தும் போதாது என்பதை இன்னொரு நிகழ்ச்சி காட்டுகிறது. 2006 ஜனவரியில், நகரை எப்படித் திரும்பக் கட்டுவது என்று ஆராய்ந்த குழுவின் வரைபடம் ஒன்று உள்ளூர் நாளிதழில் வெளியானது. தாழ்வான சில குடியிருப்புகளின்மேல் பச்சை வட்டங்கள் போடப்பட்டிருந்தன, பிற்காலத்தில் அவை பூங்காக்களாகவும் நீர் தேங்கும் வெளிகளாகவும் ஆகலாம் என்ற குறிப்போடு. நீரியல் நோக்கில் பார்த்தால் அந்த எண்ணத்தில் நியாயம் இருந்தது, இதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அங்கே வீடு வைத்திருந்தவர்கள் வேறு ஊர்களில் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்தபடி, தங்கள் தெரு பச்சை வட்டத்துக்குள் இருப்பதைச் செய்தித்தாளில் பார்த்தார்கள். மாற்று இடம் எது, விலை எவ்வளவு, யார் தருவார்கள் என்ற விவரம் எதுவும் அதில் இல்லை. எதிர்ப்பு வெடித்தது, திட்டம் கைவிடப்பட்டது. அதன்பின் எவரும் எங்கும் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அதுவும் நல்லதாக அமையவில்லை. திரும்புகிறவர் தன் பக்கத்து வீட்டார் வருவாரா என்று பார்த்துக் காத்திருப்பார், பக்கத்து வீட்டாரும் அப்படியே காத்திருப்பார். பத்து வீடுகளுக்கு ஒன்றில் மட்டும் விளக்கு எரியும் தெருவுக்குப் பள்ளியும் வராது, மளிகைக் கடையும் வராது.

இந்தத் தயக்கத்தை உடைத்தவர்கள் இரண்டு இடங்களில் இருந்தார்கள். பச்சை வட்டம் விழுந்த பிராட்மூர் பகுதியின் குடியிருப்போர் சங்கம், தெருத் தெருவாக யார் எங்கே இருக்கிறார், திரும்புவாரா என்று கணக்கெடுத்து, தங்கள் திட்டத்தைத் தாங்களே எழுதி, மூடிக் கிடந்த நூலகத்தையும் பள்ளியையும் மீட்டுக்கொண்டது. நகரின் கிழக்கு எல்லையில் வில்லேஜ் டி லெஸ்ட் என்னும் பகுதியில், 1975-க்குப் பிறகு அகதிகளாக வந்து குடியேறிய வியட்நாமியக் கத்தோலிக்கர்கள் வாழ்ந்தார்கள். அவர்களின் மேரி குயீன் ஆஃப் வியட்நாம் தேவாலயத்தில் 2005 அக்டோபரிலேயே மீண்டும் வழிபாடு நடந்தது. இன்னும் யாரும் திரும்பவில்லை என்று மின்நிறுவனம் தயங்கியபோது, திரும்பி வருவோரின் பெயர்ப் பட்டியலைத் தொகுத்துக் காட்டி மின்சாரம் பெற்றார்கள். அருகே புயல் குப்பையைக் கொட்டுவதற்கு நகராட்சி திறந்த கிடங்கை எதிர்த்துப் போராடி 2006 ஆகஸ்டில் மூட வைத்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் அவர்களில் மிகப் பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள். அந்தச் சமூகத்தின் இயல்பான ஒற்றுமையே காரணம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அதில் உண்மை உண்டு, ஆனால் முழு உண்மை அல்ல. அவர்களின் பகுதியில் நீரின் ஆழம் லோயர் நைன்த் வார்டில் இருந்த அளவுக்கு இல்லை, அந்த வார்டிலோ உடைந்த சுவர் வழியே பாய்ந்த வேகம் வீடுகளை அடித்தளத்திலிருந்தே பெயர்த்துவிட்டது. நீர் வீட்டை நனைத்தால் ஒற்றுமை உதவும். வீட்டையே கொண்டுபோய்விட்டால் ஒற்றுமையோடு பணமும் வேண்டும்.

என் தொழில் சார்ந்த பகுதிக்கு வருகிறேன். வெள்ளச் சேதம் வீட்டின் சந்தை மதிப்பில் 50 விழுக்காட்டை எட்டினால், பழையபடி கட்ட முடியாது, இன்றைய விதிப்படி தரைத்தளத்தைக் குறிப்பிட்ட வெள்ள மட்டத்துக்கு மேலே உயர்த்தியாக வேண்டும். இங்கும் சந்தை மதிப்பு குறைவான வீடே அந்த எல்லையை முதலில் தொடுகிறது என்பதைக் கவனியுங்கள். நியூ ஆர்லியன்ஸின் பழைய மரவீடுகள் சிறு செங்கல் தூண்களின்மேல் நிற்பவை. அவற்றின் தளவிட்டங்களுக்கு அடியில் நீண்ட இரும்பு உத்தரங்களைச் செருகி, பல ஜாக்கிகளை ஒரே நேரத்தில் அங்குலம் அங்குலமாக இயக்கி, தூக்கத் தூக்க அடியில் மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக்கொண்டே போவோம். வேண்டிய உயரம் வந்ததும் புதிய தூண்களைக் கட்டி வீட்டை அவற்றின்மேல் இறக்குவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கட்டிய வீடுகளோ தரையில் ஊற்றிய காங்கிரீட் தளத்தின்மேல் இருப்பவை. அவற்றைத் தூக்க வேண்டுமானால் தளத்துக்கு அடியில் சுரங்கம் தோண்டித் தளத்தோடு தூக்க வேண்டும், செலவு பல மடங்கு ஆகும். முன்னோர்கள் ஆற்றோர மேட்டில் கட்டினார்கள், தாழ்விடத்தில் கட்டியபோது தூண்வைத்துக் கட்டினார்கள். அதனால்தான் நகரின் மிகப் பழைய பகுதியான பிரெஞ்சுக் குவார்ட்டர் பெரும்பாலும் நனையவே இல்லை. இருபதாம் நூற்றாண்டில் பெரிய இறைப்பான்கள் வந்தபின் சதுப்பை வற்றவைத்து அதன்மேல் தரையோடு தரையாகக் கட்டினார்கள். வற்றிய மண் சுருங்கி நிலம் மேலும் தாழ்ந்தது. வீட்டை உயர்த்துவதற்கு வெள்ளக் காப்பீடு தரும் கூடுதல் தொகைக்கு உச்ச வரம்பு 30,000 டாலர், பெரும்பாலான வீடுகளுக்கு அது போதாது. உயர்த்திய பிறகும், எழுபது வயதைக் கடந்தவருக்குப் பதினைந்து படி ஏறி இறங்குவது அன்றாடத் துன்பம். வரைபடத்தில் நான் எழுதும் உயரம் ஒருவருடைய முழங்காலுக்கு என்ன செய்யும் என்பதை அவர்கள் வீட்டுக்கு மறுபடி போய்ப் பார்த்த பின்பே புரிந்துகொண்டேன்.

நகரைச் சுற்றி இப்போதுள்ள பாதுகாப்பு பழையதோடு ஒப்பிடவே முடியாத அளவுக்கு மேலானது என்பதில் ஐயமில்லை. சுமார் 1,450 கோடி டாலர் செலவில் கரைகள், மதகுகள், இறைப்பு நிலையங்கள், போர்ன் ஏரிப் பக்கம் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளத் தடுப்பு எல்லாம் கட்டப்பட்டன. 2021-இல், சரியாக அதே ஆகஸ்ட் 29 அன்று, நான்காம் வகைச் சூறாவளியாக ஐடா வந்தபோது அந்த அமைப்பு கடலை உள்ளே விடவில்லை. ஆனால் நகருக்கு மின்சாரம் கொண்டுவரும் எட்டுப் பெருந்தடங்களும் ஒரே நாளில் செயலிழந்தன. அதன்பின் வெப்பத்தால் இறந்தவர்களில் முதியோர் பலர். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த அமைப்பு 'நூறாண்டுப் புயலுக்கு' ஏற்றது என்பதைக் கேட்டு, இனி நூறு ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்று பொருள்கொள்கிறார்கள். அது ஓராண்டில் 1 விழுக்காடு வாய்ப்புள்ள புயல் என்று பொருள். முப்பது ஆண்டு வீட்டுக்கடன் கட்டி முடிப்பதற்குள் அப்படி ஒன்று வர ஏறத்தாழ 26 விழுக்காடு வாய்ப்பு உண்டு. கரைகள் தாமே மெல்ல அமிழ்வதால் அவற்றை அவ்வப்போது உயர்த்திக்கொண்டே இருக்கவும் வேண்டும்.

உறுதியற்ற பகுதி கரைக்கு வெளியே இருக்கிறது. லூசியானா 1932 முதல் சுமார் 4,800 சதுர கிலோமீட்டர் கடலோர நிலத்தை இழந்திருக்கிறது. மிசிசிப்பி ஆற்றை இருபுறமும் கரைகளுக்குள் அடைத்ததால் வண்டல் சதுப்புக்குள் பரவாமல் நேரே ஆழ்கடலுக்குப் போகிறது, மேலே உள்ள அணைகள் வண்டலில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கின்றன, எண்ணெய் நிறுவனங்கள் வெட்டிய கால்வாய்கள் உப்புநீரை உள்ளே விட்டன. அணைகளுக்குக் கீழே வண்டல் குறைந்துபோன காவிரிக் கழிமுகத்தை அறிந்தவர்களுக்கு இதன் பாதி கதை பழக்கமானதே. சதுப்பு நிலம் புயலின் அலையைத் தணிக்கும் என்பது உண்மை. ஆனால் இத்தனை மைல் சதுப்புக்கு இத்தனை அடி நீர் குறையும் என்று மேடைகளில் சொல்லப்படும் நேர்க்கணக்கை நம்ப வேண்டாம். புயலின் வேகம், அது வரும் திசை, செடிகளின் அடர்த்தி ஆகியவற்றுக்கு ஏற்ப அது பெரிதும் மாறும். ஆற்று வண்டலைத் திருப்பிவிட்டுச் சதுப்பை மீண்டும் உருவாக்க, ஏறத்தாழ 300 கோடி டாலர் மதிப்பில் 2023-இல் தொடங்கப்பட்ட மத்திய பாரடாரியா திட்டம் 2025 ஜூலையில் கைவிடப்பட்டது. நன்னீர் புகுந்தால் சிப்பிப் படுகைகளும் இறாலும் அழியும் என்று மீனவர்கள் எதிர்த்தார்கள், செலவும் ஏறிக்கொண்டே போனது. அறிவியலாளர்களில் பெரும்பாலோர் திட்டம் வேண்டும் என்றே கருதினார்கள், நானும் அப்படியே கருதினேன். ஆனால் சிப்பி எடுக்கும் ஒருவருக்கு ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் உருவாகப்போகும் நிலம் இந்த ஆண்டு அடுப்பை எரியவைக்காது என்பதும் உண்மைதான்.

திரும்பி வராதவர்கள் எல்லோரும் அழிந்துபோனவர்கள் என்று நினைப்பதும் தவறு. வருமான வரிப் பதிவுகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வொன்றில், புயலால் பாதிக்கப்பட்ட நியூ ஆர்லியன்ஸ்காரர்களின் வருமானம் சில ஆண்டுகளிலேயே மீண்டு, ஒத்த நகரங்களில் இருந்தவர்களின் வருமானத்தையும் தாண்டியது தெரியவந்தது. ஹூஸ்டன் போன்ற ஊர்களில் வேலையும் பள்ளியும் மேலானவையாக இருந்திருக்கலாம். மறுபுறம், குறைந்த வருமானமுள்ள தாய்மார்களைத் தொடர்ந்து கவனித்த மற்றோர் ஆய்வில், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தும் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்குப் பேரதிர்ச்சியின் மனநல அறிகுறிகள் இருந்தன. இவ்விரண்டு முடிவுகளையும் எப்படிப் பொருத்துவது என்பது என் துறைக்கு அப்பாற்பட்டது. வருமானம் கூடியும் மனம் ஆறாமல் ஒரே குடும்பம் இருக்க முடியும் என்பதை மட்டும் நேரில் கண்டிருக்கிறேன்.

எத்தனை ஆண்டுகள் என்ற உங்கள் கேள்விக்கு, பகுதி பகுதியாகத்தான் விடை தர முடியும். மின்சாரமும் குடிநீரும் வாரங்களிலோ சில மாதங்களிலோ வந்துவிடும். பாலங்களுக்கு இரண்டு ஆண்டுகள். ஆவணமும் போதிய காப்பீடும் உள்ள வீட்டுக்கு ஒன்று முதல் மூன்று ஆண்டுகள், அவை இல்லாத வீட்டுக்குப் பத்தாண்டுகளும் ஆகலாம், முடிவே இல்லாமலும் போகலாம். 1900-இல் குறைந்தது 6,000 பேரைப் பலிகொண்ட சூறாவளிக்குப் பிறகு டெக்சாஸின் கால்வெஸ்டன், 17 அடி உயரக் கடற்சுவரைக் கட்டி, ஊரையே மண் நிரப்பி உயர்த்தி முடிக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. 1915-இல் வந்த அடுத்த பெரும்புயலை அது தாங்கியது. ஆனால் துறைமுக வணிகத்தில் முதலிடம் அதற்குள் ஹூஸ்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மீள முடியாத இடங்களும் உண்டு. லூசியானாவின் ஐல் டி ஜீன் சார்ல்ஸ் என்னும் தீவு 1955 முதல் தன் நிலத்தில் 98 விழுக்காட்டை இழந்துவிட்டது. அங்கே வாழ்ந்த பூர்வகுடி மக்களுக்காக 2016-இல் 4.8 கோடி டாலர் ஒதுக்கப்பட்டு, வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் கட்டிய வீடுகளுக்கு 2022-இல்தான் முதல் குடும்பங்கள் குடிபெயர்ந்தன. மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் கேமரன் மாவட்டம் இருக்கிறது. ரீட்டா, ஐக், லாரா, டெல்டா என்று பதினைந்து ஆண்டுகளில் நான்கு சூறாவளிகள் அங்கே அடித்தன. 2000-இல் 9,991 ஆக இருந்த மக்கள்தொகை 2020-இல் 5,617 ஆகக் குறைந்தது. அதே மாவட்டத்தில் இயற்கை எரிவாயுவைத் திரவமாக்கிக் கப்பலேற்றும் ஆலைகள் பல நூறு கோடி டாலர் செலவில் எழுந்திருக்கின்றன. முதலீட்டைக் கொண்டு அளந்தால், அது புயலுக்கு முன் இருந்ததைவிட வளமாக இருக்கிறது. கடந்த முறை வேலைக்காக அங்கே சென்றபோது நான் உயர்த்த வேண்டியிருந்த வீடு ஒன்றே ஒன்று. அதன் இருபுறமும் இருந்த மனைகளில் மின்கம்பங்கள் மட்டும் புதிதாக நடப்பட்டிருந்தன.